வைரல் வீராங்கனையை வீழ்த்திய 3 விநாடி!

கறுப்பு உடை. பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட தொப்பி. கண்ணில் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் வருவது போன்ற கண்ணாடி. துப்பாக்கியால் சுட்டு உலக சாதனையே படைத்துவிட்டார். ஆனால் முகத்தில் ஒரு புன்னகைகூட இல்லை!

2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் இந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். அதில் இருப்பவர் தென்கொரியாவின் கிம் யேஜி. அப்போது வயது 31. ஒரு பெண் குழந்தையின் தாய்.

உண்மையில் அது ஒலிம்பிக் வீடியோ அல்ல. அதே ஆண்டு மே மாதம், அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் எடுத்தது. 25 மீட்டர் பிஸ்டல் இறுதிச்சுற்றில் 42 முறை இலக்கைத் தாக்கி உலக சாதனை படைத்த தருணம் அது.

பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் அவர் வெள்ளி வென்றதும் அந்தப் பழைய வீடியோ தீயாகப் பரவியது. அதே போட்டியில் வெண்கலம் வென்றவர் நம் மனு பாக்கர். கிம்மை ஆக்‌ஷன் படத்தில் நடிக்க வைக்க வேண்டும், நடிப்பே தேவைப்படாது என்று எலான் மஸ்க்கும் எழுத, புகழ் உச்சிக்குப் போனது.

ரசிகர்கள் 'ஸ்டைல்' என்று கொண்டாடிய கண்ணாடிக்கு வேறு வேலை உண்டு. ஒரு பக்கம் குறியைத் தெளிவாகக் காட்டும். மறுபக்கம் இன்னொரு கண்ணை மறைக்கும். கண்ணை இடுக்கிக் களைத்துப் போகாமல் சுடலாம்.

அடுத்து, அவருடைய சாதனைக் களமான 25 மீட்டர் பிஸ்டல். பதக்கம் உறுதி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

தகுதிச்சுற்றின் இரண்டாம் பாதியில், தாழ்த்தி வைத்த கையை உயர்த்தி 3 விநாடிக்குள் ஒரு குண்டு சுட வேண்டும். இப்படி 30 குண்டுகள். அதில் ஒரே ஒரு முறை கிம் தாமதித்துவிட்டார். அந்தக் குண்டுக்கு மதிப்பெண் பூஜ்ஜியம்.

மொத்தம் 575 புள்ளிகளுடன் 27-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச்சுற்று. தங்கம் சக கொரிய வீராங்கனை யாங் ஜி-இன்னுக்குப் போனது. எத்தனை லட்சம் பேர் ரசிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த 3 விநாடிக் கடிகாரத்துக்குத் தெரியாதே!

ஆனால் வைரலாகாத ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பூஜ்ஜியம் போக மீதி 29 குண்டுகளில், 290-க்கு அவர் எடுத்தது 285. கனவு கைநழுவிய நாளிலும் கை நடுங்கவில்லை.

அன்று அவர் சுட்டதிலேயே 'மாஸ்' அந்த 29 குண்டுகள்தான்!