வீட்டுக்குள் மேடும் பள்ளமும்



சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் கூடம் உயர்ந்தும், தாழ்வாரம் தாழ்ந்தும், முற்றம் அதனினும் பள்ளமாகவும் இருக்கக் காண்கிறோம். கூரைநீர் முற்றத்தில் விழுந்து வெளியேறவே முன்னோர் அவ்வாறு அமைத்தனர். எனினும், வைகறையில் ஒளூச் செய்ய எழும் முதியோருக்கு அப்படிகளே இடறுகட்டைகளாகின்றன. ஆகவே, தளத்தைச் சமப்படுத்த விழைவது நியாயமே.

ஆயினும், பள்ளத்தை நிரப்புமுன் நிலைவாசலை அளந்து பாருங்கள். ஆறடி நிலையுள்ள அறையை ஓரடி உயர்த்தினால் குனிந்தே நுழைய நேரிடும். வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரமேனும் வேண்டுமென்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

12 அடிக்கு 10 அடி அறையை ஓரடி உயர்த்த 120 கன அடி, அதாவது 1.2 யூனிட் மண் வேண்டும். கெட்டிக்கும்போது அமுங்குமாதலால் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். அரையடி அரையடியாகக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தளம் அமிழ்ந்து விரிசலிடும். முற்றத்தை நிரப்புவோர் மழைநீருக்கு முதலில் வேறு வழி காணுங்கள். இல்லையேல் ஈரம் சுவரில் ஏறும்.

நிரப்ப இயலாவிடில், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சரிவும் கைப்பிடியும் அமைக்கலாம்.

அளவெடுக்கும் நாளில் கொத்தனாருடன் வீட்டு முதியவரையும் நடக்கச் செய்யுங்கள். எங்கே கால் இடறுகிறதென்பதை அவரே அறிவார்.