பளபளப்புப் பித்து

நம்மவர்களுக்குப் பளபளப்பு என்றால் ஒரு பித்து. பாத்திரம் பளபளக்கட்டும், பட்டுச் சேலை பளபளக்கட்டும். அதோடு நின்றிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். இப்போது வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மரப்பலகையும் பளபளக்க வேண்டுமாம்!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிதாக வீடு கட்டுகிறவர்களில் சிலர் மாடியிலோ தோட்டத்துப் பக்கமோ பலகை பரப்பித் தளம் போடுகிறார்கள். மாலையில் நாலு பேர் உட்கார்ந்து பேச இடம். பழைய திண்ணையின் பேரப்பிள்ளை. எனக்கு மெத்த மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு எதைப் பூசுவது என்று கடையில் போய்க் கேட்டால் விபரீதம் ஆரம்பித்துவிடுகிறது.

"கண்ணாடி மாதிரி இருக்கும் சார், முகம் பார்த்துத் தலை வாரலாம்" என்று எனக்கே ஒரு கடையில் உபதேசம் நடந்தது. முகம் பார்க்க வீட்டில் கண்ணாடி இல்லையா, ஐயா?

வெட்டுப்பட்ட பிறகும் மரம் சும்மா கிடப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. சித்திரை வெயிலில் அதை விட்டுச் சுருங்குகிறது. மேலே தோல் போலப் படிந்த வார்னிஷ் எத்தனை காலம் அதோடு கூட ஆடும்? மயிரிழை விரிசல் விழுகிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது. புகுந்தது எளிதில் வெளியேற வழியில்லை. நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே மினுக்கு, உள்ளே உளுத்தல்! மனிதர்களிலும் இந்த ஜாதியை நாம் பார்த்திருக்கிறோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. இந்தச் சீமையில் மரத்தின் மூச்சை அடைப்பது அதைக் கொல்வதற்குச் சமானம்.

நம் கடற்கரை மீனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கட்டை அவிழ்த்து, கட்டைகளைக் கரையில் காய விடுவார்கள். மினுக்குப் பூசி வைத்ததில்லை.

"அப்படியானால் ஒன்றும் பூசாமலே விட்டுவிடலாமே?" என்பீர்கள். கூடாது. மரத்தின் நாரைப் பிணைத்து வைத்திருக்கும் பசையை வெயில் அரித்துவிடும். பலகை நரைத்து வெடிக்கும். மேலே படியாமல் உள்ளே ஊறுகிற எண்ணெய்ச் சாயம்தான் வேண்டும். அதில் கலந்த நிறப்பொடி அழகுக்கு மட்டுமல்ல, வெயிலுக்குக் குடை. நிறமே இல்லாத எண்ணெய் ஓட்டைக் குடை. கன்னங்கரிய சாயமோ வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு வெறுங்காலைச் சுடும். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற ஜனங்கள் அல்லவா? ரேகை தெரியும்படியான நடுத்தரப் பழுப்பே உத்தமம்.

தை, மாசியில் பலகை நன்றாகக் காய்ந்தபின் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் மரம் இன்னும் குடிக்கத் தயாராகவில்லை, தேய்த்துவிட வேண்டும். உறிஞ்சிக்கொண்டால், அந்த ஈரம் உலர்ந்ததும் சாயத்தை மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். அறுத்த முனைகளுக்கு இன்னொரு தரம் பூசுங்கள். மழைநீரை அதிகம் குடிப்பது அவைதாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டுமே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிந்த வார்னிஷை முழுவதும் சுரண்டி எடுக்கும் கூலியைக் கேட்டுப் பாருங்கள். சாயத்துக்குக் கழுவிக் காயவைத்து ஒரு பூச்சு போதும். பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு வெள்ளையடித்த பரம்பரைக்கு இது பாரமா?

தேக்கு முற்ற ஐம்பது, அறுபது வருஷம் ஆகிறது. அதை ஐந்தே வருஷத்தில் உளுக்க வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பராமரிப்பே வேண்டாத மரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் திருவக்கரைக்குப் போகலாம். அங்கே இரண்டு கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்குச் சாயம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பலகைக்கு வேண்டும்.