1,768-ஆவது ஆட்டம்: மார்லோவின் சாதனை உணர்த்துவது என்ன?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 1,767 ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் பங்கேற்ற கனடா வீரர் கோர்டி ஹோவ் 1980-இல் ஓய்வு பெற்றார். 41 ஆண்டுகள் நிலைத்த அச்சாதனையை, 2021 ஏப்ரல் 19 அன்று லாஸ் வேகாஸில் சான் ஜோஸ் ஷார்க்ஸ் வீரர் பேட்ரிக் மார்லோ தமது 41-ஆவது வயதில் முறியடித்தார்.

இருவரும் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிறந்தவர்கள். எனினும் அவர்கள் ஆடிய காலங்கள் வேறு. ஹோவின் காலத்தில் பெரும்பாலான பருவங்களில் அணிக்கு 70 ஆட்டங்களே இருந்தன. மார்லோவின் காலத்தில் வழக்கமாக 82. எனவேதான் ஹோவ் 26 பருவங்களில் எட்டிய எண்ணிக்கையை மார்லோ 23 பருவங்களிலேயே கடந்தார்.

ஆயினும் அட்டவணை நீண்டதால் மட்டுமே இச்சாதனை கைகூடிவிடவில்லை. மோதலும் காயமும் மிகுந்த இவ்விளையாட்டில், மார்லோ 2009 முதல் இறுதிவரை தொடர்ச்சியாக 900-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கினார்.

ஹோவ் நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்றவர். மார்லோவுக்கோ அது ஒருமுறைகூடக் கிட்டவில்லை. ஆகவே, இருவரில் யார் சிறந்தவர் என்பதை இந்த எண் தீர்மானிக்காது. கோப்பை அணியின் கூட்டு வெற்றி. 1,779 ஆட்டங்களுடன் மார்லோ விடைபெற்றது தனிமனித உறுதியின் வெற்றி.