பிரித்துக் கட்டுவோம்

எழுதி முடித்ததைத் திரும்பக் கையில் எடுத்துச் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் ஒரு வினை இருக்கிறது. அந்த வினைகளை மறுபடி வேலைக்குக் கூப்பிடவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் புரூஃப் பார்ப்பவர்கள் உண்டு, பழைய நூல்களைப் பதிப்பிப்பவர்கள் உண்டு, கணினிக்கு நிரல் எழுதுபவர்கள் உண்டு.

நாள் முழுக்க எங்கள் வாயில் வருவது "எடிட் பண்ணிட்டேன்" என்ற ஒரே பேச்சு. ஓர் ஒற்றுப்பிழையை நீக்கியவரும் அதைத்தான் சொல்கிறார். ஓர் அத்தியாயத்தையே தூக்கியவரும் அதைத்தான் சொல்கிறார். என்ன செய்தார் என்பது மறைந்த இடத்தில் யார் பொறுப்பு என்பதும் மறைந்துபோகிறது. ஆங்கிலச் சொல்லை விரட்டிவிட்டு "மாற்றினேன்" என்று போட்டாலும் எங்கள் குறை தீராது. எப்படி மாற்றினீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கேள்வி நம் மரபுக்குப் புதிதில்லை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. கைவேலை யாருடையது, செய்யவைத்தவர் யார் என்பதை வினையின் வடிவமே பிரித்துச் சொல்லிவிடுகிறது. நிரலில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்க 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் மென்பொருளும், ஒரு மாற்றத்தை எழுதியவர் பெயரையும் அதைப் பதிந்தவர் பெயரையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறது. தொல்காப்பியமோ, முன்னொரு நூலின் வழியில் எழும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நான்காகப் பிரித்துவிட்டது.

ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தவர்களுக்கு இந்த வினைகள் ஒவ்வொன்றும் உடம்பு வருந்திச் செய்த வேலை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே கிடக்கும். கயிறு அவிழ்ந்தால் ஏடுகள் முன்பின்னாக மாறிவிடும். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் அச்சேற்றியது இந்த நிலையில்தான். ஏடு தேடுதல், படியெடுத்தல், ஒப்புநோக்குதல், மூலத்தையும் உரையையும் பிரித்தல், பாடபேதம் குறித்தல் என்று அத்தனையும் வேறு வேறு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றைச் செய்ததாகச் சொல்ல அங்கே வழியில்லை.

சந்தி பிரித்தல் என்ற வினைக்கு நாங்கள் தனியாகக் கடன்பட்டிருக்கிறோம். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களையும் பிற இலக்கியங்களையும் சந்தி பிரித்து, மலிவு விலையில் வெளியிட்டார். புதிதாக ஒரு சொல்லும் சேரவில்லை. ஒட்டிக் கிடந்தவை பிரிந்தன, அவ்வளவுதான். புலவர் துணையில்லாமல் செய்யுளைப் படிக்க முடிந்தது. இதற்கு நேர் எதிரான வினை செருகுதல். கம்பராமாயணத்தில் பிறர் செருகியவற்றை மிகைப்பாடல்கள் என்று ஒதுக்கி வைக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. செருகியவர் அதைச் சொல்லிவிட்டுச் செருகியிருந்தால் அந்தப் பாடு யாருக்கும் வந்திராது.

நிரலுக்கு வருவோம். ஒரே வரியை இருவர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால், இருவர் வடிவங்களையும் இணைக்கும்போது கிட் நின்றுவிடும். மனிதர் வந்து ஒன்றைத் தேர வேண்டும். பாடபேதத்தின் முன் உட்கார்ந்த பதிப்பாசிரியரின் நிலையும் இதுதான். இதைப் பார்த்த பிறகுதான் எங்கள் நிரலாளர்கள் ஊர்ச்சொற்களைத் தேடத் தொடங்கினார்கள். ரீபேஸ் என்பது என் மாற்றங்களைப் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புதிய அடித்தளத்தின் மேல் வைப்பது. நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பறித்து நடு. ஃபோர்க் என்பது பதியம். தாய்ச்செடியின் கிளை தனியே வேர்விட்டு இன்னொரு செடியாவது. பேட்ச் என்பது ஒட்டுப் போடுதல்.

ரீஃபேக்டர் என்ற சொல்தான் எங்களை நெடுநாள் அலையவைத்தது. 1999இல் வந்த மார்ட்டின் ஃபவுலரின் நூல் அதை ஊரறியச் செய்தது. வெளியே நடப்பது மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்குவது அதன் பொருள். ஓட்டுவீட்டைப் பிரித்துக் கட்டும்போது அதே தூணும் அதே உத்திரமும் திரும்ப ஏறுகின்றன. வீட்டுக்காரர் திரும்பி வரும்போது வாசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உளுத்த கைமரம் மட்டும் இல்லை. பிரித்துக் கட்டு என்பதை எங்கள் முதல் வினையாக ஏற்கிறோம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை மாற்ற நினைப்பவர் அழுத்துவது "தொகு" என்ற சொல்லை. அந்தச் சொல்லை அங்கே வைத்தவர்களை மதிக்கிறோம். கணினித் திரையில் தமிழ் வினை ஒன்று வாழ்வது அவர்களால். ஆனால் வெட்டி ஒட்டிக் கோக்கும் படத்தொகுப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற சொல், ஒரு காற்புள்ளியை நகர்த்துவதற்குப் பெரிது. காடு திருத்திக் கழனியாக்கிய மொழியில் "திருத்து" அங்கே உட்கார்ந்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

ஆகவே கோருகிறோம். "திருத்திய பதிப்பு" என்று அட்டையில் அச்சிடும் பதிப்பகங்கள், உள்ளே ஒரு பக்கமாவது ஒதுக்கி, பிழை களைந்தோமா, சந்தி பிரித்தோமா, ஆசிரியர் சொல்லையே மாற்றினோமா என்று சொல்ல வேண்டும். தமிழில் எழுதத் தெரிந்த நிரலாளர்கள் மாற்றக் குறிப்பைத் தமிழில், சரியான வினையோடு எழுத வேண்டும். அடுத்தவர் எழுத்தில் கை வைக்கும் எவரும், வைத்த கையின் பெயரைச் சொல்ல வேண்டும்.

இந்த அறிக்கைக்கு நாங்கள் செய்தவை: ஐவர் எழுதியதைத் தொகுத்தோம். இரண்டு பத்திகளைக் களைந்தோம். சுவடி பற்றிய பகுதியை விரித்தோம். முடிவில் இருந்ததை முன்னே பெயர்த்து நட்டோம். ஒருமுறை முழுவதும் பிரித்துக் கட்டினோம். எதையும் செருகவில்லை.