காலண்டர் ஊரின் வயதுக் கணக்கு

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருடம் பிறந்துவிடும். காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, மாதிரித் தாள்களை ஏஜெண்டுகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மற்ற ஊர்களில் ஆகஸ்ட் மாதம் நடக்கும்போது இங்கே ஜனவரியின் ராகுகாலம் அச்சாகிக் காய்ந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு பூஜைக்குப் போய், பொரிகடலை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, அங்கே மிஷின் ஓட்டுகிறவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இருபத்தாறெல்லாம் ஒரு வயசா?"

அவர் மகன் கபடி ஆடுகிறவன். எங்கேயோ ஒரு தேர்வு முகாம் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறான். வரிசையில் நின்று ஆதார் அட்டையை நீட்டியிருக்கிறான். எடை பார்க்கவில்லை. ஒரு தடவை பாடிப் போகச் சொல்லவில்லை. பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, "தாண்டிருச்சு தம்பி, ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டார்கள். எந்த முகாம், நடத்தியது யார் என்பதை விட்டுவிடுவோம். வேறு முகாமாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நான் அவரிடம் சேரலாதன் கதையைச் சொன்னேன். தஞ்சாவூர் ஜில்லாக்காரர் தர்மராஜ் சேரலாதன், 1975-ல் பிறந்தவர். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே அவருக்கு 39. அந்த வயதில் நம் பக்கத்து ஆட்டக்காரர்கள் விசிலை வாங்கி நடுவராகிவிடுவார்கள். சேரலாதன் 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். 2019-ல் ஹரியானா அணிக்குத் தலைமை தாங்கும்போது வயது 44. 2021 டிசம்பரில் ஜெய்ப்பூர் சட்டை போட்டு இறங்கும்போது 46. கூட ஆடிய பையன்களில் சிலர், அவர் ஆட ஆரம்பித்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான், இந்தி பேசுகிற பையன்களுக்கும்.

"அவரு பெரிய ஆளு அண்ணாச்சி. எம்மவனைக் கேக்க ஆளில்லையே" என்றார் மிஷின்காரர். அது நியாயமான பேச்சு.

எங்கள் பக்கத்தில் வயது என்பது எப்போதுமே ஒரு வில்லங்கம். என் தலைமுறை ஆட்களைக் கேட்டால் இரண்டு வயது சொல்வார்கள்: நெசமான வயசு, சர்டிபிகேட் வயசு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது அப்பா "கம்மாய் ஒடஞ்ச வருசம் பொறந்தான்" என்பார். வாத்தியார் ஜூன் மாதத்துக்கு அஞ்சு வயது நிறைகிற மாதிரி ஒரு தேதியை எழுதிக்கொள்வார். என் சர்டிபிகேட்டிலும் அப்படி ஒரு மே மாதத் தேதிதான் இருக்கிறது. அம்மா சொல்லும் கணக்கில் நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில்.

அந்த வயதையே இன்னொரு இடத்தில் ஏற்றியும் சொன்னோம். விடிவதற்கு முன் கிராமங்களுக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பட்டாசு, தீப்பெட்டி ஆலை பஸ்களை நான் பார்த்திருக்கிறேன். "யாராச்சும் கேட்டா பதினஞ்சுன்னு சொல்லு" என்று சொல்லித்தான் தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எங்கள் ஊரை வைத்து எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 18 நிறையாத யாரும் பட்டாசு மருந்து பக்கமே போகக் கூடாது. ஆகவே, வயதைக் கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வயதைக் கேட்டதால்தான் இங்கே ஒரு தலைமுறையின் விரல்கள் மிஞ்சின.

விளையாட்டில் அதே வயது இறங்கிக்கொண்டது. பதினாறுக்குட்பட்டோர் அணிக்கு மீசை முளைத்த பதினெட்டுகள் வந்தார்கள். கிரிக்கெட் வாரியம் சலித்துப்போய், இப்போது பிள்ளைகளின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்து வயது சொல்கிறது. வேலைக்கு ஏற்று, விளையாட்டுக்கு இறக்கு. இரண்டிலும் அவதிப்பட்டது பிள்ளைதான்.

வயது பார்க்கிறவர்கள் பக்கமும் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதற்கு அமெரிக்கா போக வேண்டும். அங்கே கால்பந்து என்றால் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு மோதுகிற ஆட்டம். தொழில்முறை அணிகள் மொத்தம் 32. வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகளை வரிசையாகப் பொறுக்கி எடுப்பார்கள், ஏழு சுற்று. போன வருடம் கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் கை. 2012-ல் கிளீவ்லேண்ட் அணி முதல் சுற்றிலேயே, 22-ஆவது ஆளாக, பிராண்டன் வீடன் என்பவரை எடுத்தது. அவருக்கு அப்போது 28 வயது. பேஸ்பாலில் பந்து வீசி, ஆளாக முடியாமல், திரும்பக் கல்லூரியில் சேர்ந்து இந்த ஆட்டத்துக்கு வந்தவர். அதுவரை முதல் சுற்றில் அவ்வளவு மூத்த ஆளை யாரும் எடுத்ததில்லை. இரண்டு வருடம் ஆடவிட்டு, 2014-ல் அனுப்பிவிட்டார்கள்.

இதை மூத்த ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் எதிரான சாட்சியாக இன்றைக்கும் சொல்கிறார்கள். அதில் விஷயம் இருக்கிறது. கல்லூரியில் வீடன் யாரோடு ஆடினார்? இருபது வயதுப் பிள்ளைகளோடு. இருபத்தெட்டு வயது உடம்பும், ஐந்தாறு வருடம் சம்பளத்துக்கு ஆடிய மனசும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஜெயிப்பதில் எவ்வளவு திறமை, எவ்வளவு மூப்பு? இதைப் பிரித்துப் பார்க்காமல் காசைக் கொட்டினால் கிளீவ்லேண்ட் கதைதான். 2020-ல் கொரோனாவுக்காகக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஒரு வருடம் கூட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு இருபத்துநாலு, இருபத்தைந்து வயதில் தேர்வுக்கு வருகிறவர்கள் பெருகி, அங்கே இந்தச் சண்டையும் பெருத்துவிட்டது.

அதே நாட்டில் கர்ட் வார்னர் என்றொருவர் இருந்தார். 1994-ல் ஏழு சுற்றிலும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. பலசரக்குக் கடையில் இரவு முழுக்க அலமாரி அடுக்கினார். 28 வயதில் செயின்ட் லூயிஸ் அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தோடு சேர்த்து. வீடனுக்கு வாய்ப்பு கிடைத்ததும் இதே 28-ல்தான்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். வருண் சக்கரவர்த்தி ஸ்கூலில் விக்கெட் கீப்பர். பிறகு கட்டடக் கலை படித்து வேலைக்குப் போனார். 'ஜீவா' படத்தில் தலைகாட்டினார், அதுவும் கிரிக்கெட் தேர்வைப் பற்றிய படம்தான். வேலையை விட்டுவிட்டு வேகப்பந்து போடப் போய், முழங்காலில் அடிபட்டு, சுழலுக்கு மாறும்போது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. சென்னை நான்காம் டிவிஷன் லீக்கில் 7 ஆட்டத்தில் 31 விக்கெட். அங்கிருந்து 2018-ல் டி.என்.பி.எல். கோப்பையை வென்ற மதுரை அணி. அந்த டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில், 20 லட்சம் என்று அடிப்படை விலை போட்டிருந்தவரை 8.4 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. வயது 27.

முதல் ஓவரில் 25 ரன் போனது. அடிபட்டது. அந்தப் பருவத்தில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 'கெழட்டுக் குதிரைக்கு எட்டுக் கோடியா' என்று சிரித்தவர்களை எங்கள் ஊர் டீக்கடையிலேயே கேட்டேன். நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன். அடுத்த ஏலத்தில் பாதி விலைக்கும் குறைவாக, 4 கோடிக்கு, கொல்கத்தா எடுத்தது. 2020-ல் 17 விக்கெட். 2025 பிப்ரவரியில் கட்டாக்கில் முதல் ஒருநாள் ஆட்டம், அப்போது வயது 33. அடுத்த மாதம் துபாயில், சாம்பியன்ஸ் டிராபியில், நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். கிரிக்கெட் பந்தைப் பிடித்த பிறகுதான் அவருக்கு ஆட்டக் கணக்கே ஆரம்பம். இந்தியாவுக்கு ஆடும்போது 29. 2024 நவம்பர் ஏலத்தில், 33 வயதில், டெல்லி அவருக்குக் கொடுத்த விலை 10.75 கோடி. அதே ஏலத்தில் ராஜஸ்தான் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை 1.10 கோடிக்கு எடுத்தது. வயது தடையில்லை என்று சந்தைக்காரர்களே முடிவுக்கு வந்துவிட்டார்கள். நம்முடைய முகாம்காரர்கள்தான் இன்னும் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால், "சின்னப் பையனா இருந்தா வளருவான்" என்பார்கள். வளருவான், சரி. யாருக்காக வளருவான்? ஐ.பி.எல்.லில் மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து, சிலரைத் தவிர எல்லாரையும் கலைத்துவிடும். பதினெட்டு வயதுப் பையனை வாங்கி, நாலு வருடம் அடிவாங்கவிட்டுப் பழக்கினால், அவன் முற்றி விளையும்போது அறுக்கிறவன் வேறு ஆளாக இருப்பான். அமெரிக்காவிலும் அந்த ஏழு சுற்றில் எடுத்த புதுப் பையனோடு போடுகிற முதல் ஒப்பந்தம் நாலு வருடம்தான், முதல் சுற்றில் எடுத்தவனுக்கு அணி விரும்பினால் ஐந்து. இருபத்துநாலு வயதுக்காரனை எடுத்தால் நல்ல உடம்போடு இருபத்தெட்டு வரை நமக்கு ஆடுவான். பத்து வருடம் நம்மோடு இருக்கப்போகாதவனுக்கு எதற்குப் பத்து வருட ஜாதகம்?

கபடியிலேயே இடத்துக்கு இடம் கணக்கு மாறும். பாடிப் போகிறவனுக்குக் கால் வேகம் வேண்டும், அது சீக்கிரம் குறையும். பிடிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். வருகிறவன் எந்தக் காலை முன்னே வைப்பான், எப்போது போனஸ் கோட்டுக்கு ஆசைப்படுவான் என்று நூறு பேரைப் பார்த்த பிறகுதான் கணுக்கால் பிடி வசப்படும். சேரலாதன் தடுப்பாட்டக்காரர். 46 வயது வரை ஆடினாரே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மிஷின்காரர் மகனைப் பற்றி விசாரித்தேன். பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பட்டாசுக் குழாய் உருட்டப் போனான். தீபாவளி வரைக்கும் பீஸ் ரேட் வேலை, ஆட்டம் கிடையாது. தீபாவளி முடிந்தால் பொங்கல் போட்டிகளுக்கு ஆடுவான். வருடத்தில் நாலைந்து மாதம்தான் ஆட்டக்காரன், மற்ற மாதமெல்லாம் வேலைக்காரன். தங்கச்சி கல்யாணம் முடிந்த பிறகுதான் அப்பாவின் அச்சகத்திலேயே இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டு, பகலில் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போகிறான். இந்தப் பக்கத்துப் பையன் எவனும் சோம்பலால் பிந்தி வருவதில்லை. வீட்டுக்கு ஒரு கூலி தேவைப்பட்டதால் பிந்தி வருகிறான். வயது வரம்பை இருபத்தொன்றில் நிறுத்தினால், வசதியான வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வடிகட்டி எடுக்கிறோம் என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைகள் போட்டியில் வயதை எலும்பு வரைக்கும் பாருங்கள், தப்பில்லை. பெரியவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எத்தனை வருடமாக ஆடுகிறாய், யாரோடு ஆடினாய், எந்த இடத்தில் நிற்கிறாய்?

அவனும் முதலில் பாடிப் போகிறவனாகத்தான் இருந்தான். இடது கார்னரில் நிற்க ஆரம்பித்து இப்போதுதான் மூன்று வருடம் ஆகிறது. ஆதார் அட்டையில் இருபத்தாறு, கார்னரில் மூன்று.

தை பிறந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் கோயில் பொட்டலில் டியூப் லைட் கட்டி ஆட்டம் போடுவார்கள். தேர்வு நடத்துகிற பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு ராத்திரி வந்து உட்காருங்கள். நாற்காலி போட்டுவைக்கச் சொல்கிறேன். ஆதார் அட்டையை ஆட்டம் முடிந்த பிறகு வாங்கிப் பாருங்கள்.