திரைக்குள் புகுந்த புதுக் கணக்கப்பிள்ளைகள்!

கன்னிவாடி மலையடிவாரத்தில் வாழும் உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பழனியாண்டி என்பது அவர் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டன் வழி வந்த பெயர். அண்டை மலையைச் சுமந்த பெயர். நிலப்பட்டாவில் அப்பெயர் தமிழில் பிழையின்றி நிற்கின்றது. ஆதார் அட்டையின் ஆங்கில வரியிலோ அதன் ழகரம் 'எல்' என்னும் ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது. வங்கிப் பொத்தகத்தில் அதே ழகரம் 'இசட்டு, எச்சு' என ஈரெழுத்தாக நீண்டுவிட்டது. தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னே நிற்கின்றது. ஓரிடத்தில் பின்னே நிற்கின்றது. வேறோரிடத்தில் தந்தையின் முழுப்பெயரே தமிழர்க்கு என்றும் இல்லாத குடும்பப் பெயராகி வாலில் தொங்குகின்றது. மூன்றையும் ஒப்புநோக்கும் கணிப்பொறி, "இவர்கள் ஒருவர் அல்லர்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றது. மண்ணை உழுதவர் ஒருவர், திரைக்குள் மூவர்! அம்மூவருள் எவர்க்கும் பணம் இல்லை.

இது கன்னிவாடிக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. தமிழ்நாட்டின் ஊர்தோறும் நிகழ்வது. இதனை எழுத்துப்பிழை என்று தள்ளிவிடுதல் அறியாமை. எவர் எழுத்தில் ஒரு மாந்தனின் பெயர் மெய்ப்பெயராகக் கொள்ளப்படுகின்றதோ, அவர் கையில்தான் அம்மாந்தனின் வாழ்வும் இருக்கின்றது. இதுவே இன்று 'மின்னாட்சி' என்று புகழப்பெறும் புதுமையின் அடிக்கல்.

இம்மின்னாட்சியை ஆராய்வதற்கென்றே உலகெங்கும் ஓர் அறிஞர் கூட்டம் உண்டு. பல்கலைக்கழகத்தார், அரசு அலுவலர், கணிப்பொறி வல்லுநர் எனப் பலரும் அதில் அடக்கம். அவர்கட்கு இதழ்கள் உண்டு, மாநாடுகள் உண்டு, பரிசுகளும் பட்டங்களும் உண்டு. அவர்தம் ஆய்வுக்களங்களுள் நம்மவர் ஊர்களும் உண்டு. கேட்க வேண்டுவது ஒன்றே: மக்களை ஆளும் கருவி பற்றிய அறிவு அம்மக்களின் மொழியில் இல்லையெனில், அஃது எவர்க்குரிய அறிவு?

கன்னிவாடிக்கு இத்தகைய ஆய்வுகள் புதியன அல்ல. எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வூரைத் தன் களங்களுள் ஒன்றாகக் கொண்டு, இரெட்டியார்சத்திரம் வட்டார விதை உழவர்களோடு இணைந்து பணியாற்றியது. 2004 அக்தோபர் 18-ஆம் நாள் செயற்கைக்கோள் இணைப்புடன் சிற்றூர் வள நடுவங்கள் தொடங்கப்பெற்றபோது, திருவையாறு, தங்கச்சிமடம் ஆகியவற்றோடு, கன்னிவாடிக்கு அண்மையிலுள்ள செம்பட்டியும் இடம்பெற்றது.

நன்று நடந்ததை நன்றென்றே சொல்லுதல் முறை. அதே நிறுவனம் 1998 முதல் புதுவைச் சிற்றூர்களில் அறிவு நடுவங்களை நடத்தியது. அவற்றுள் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வரும் அலையுயரச் செய்தியை எடுத்துத் தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். கடலுக்குச் செல்வதா, கரையிலேயே இருப்பதா என்று மீனவர் தாமே முடிவு செய்தனர். அங்கே உயிர் காத்தது எது? கணிப்பொறியா? அமெரிக்கக் கடற்படையின் அறிவு அங்கே அதற்கு முன்பே இருந்ததே! அவ்வறிவு மீனவர் குடிலுக்குள் புகுந்தது தமிழ் என்னும் வாயில் வழியாக அன்றோ!

இனி மற்றொரு காட்சி. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகமும், ஆர்வர்டுப் பல்கலைக்கழகமும் கைகோத்து, கம்பியில்லா இணைப்பில் இணைய நிலையங்களை அமைத்தன. பிறப்பு, இறப்புச் சான்றுகளுக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றனர். மக்களும் நம்பி வந்தனர். தொடக்கத்தில் பயன் விளையவும் செய்தது. ஆனால், சில ஆண்டுகளுக்குள் அவ்வரசுப் பணிகள் நின்றுபோயின. ஏன் நின்றன என்பதை இராசேந்திர குமார், மைக்கேல் பெசுட்டு என்னும் ஆய்வாளர் இருவர் 2006-இல் ஆய்வுரையாக வெளியிட்டனர். தலைமையின் ஈடுபாடு தளர்ந்தமை, பயிற்சிக் குறை, நிலைத்த அமைப்பு இன்மை ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்காட்டினர். உண்மையான, பயனுள்ள ஆய்வே அது. ஆயினும், எம்மொழியில் வெளிவந்தது? ஆங்கிலத்தில்! நம்பி ஏமாந்தவர் மேலூர் உழவர். ஏன் ஏமாந்தார் என்று கற்றுக்கொண்டவர் அயல்நாட்டு மாணவர்!

மேலூரின் தோல்வி தனித்ததன்று. மான்செசுட்டர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இரிச்சர்டு ஈக்சு 2003-இல் ஒரு கணிப்பை வெளியிட்டார். வளரும் நாடுகளின் மின்னாட்சித் திட்டங்களுள் 35 விழுக்காடு முழுத்தோல்வி. 50 விழுக்காடு அரைகுறைத் தோல்வி. 15 விழுக்காடே வெற்றி என்பது அவர் கணிப்பு. வரைந்தவர் மனத்திலுள்ள உலகுக்கும், மக்கள் வாழும் உலகுக்கும் இடையிலுள்ள பிளவே தோல்விக்கு வேர் என்றார் அவர். அப்பிளவின் பெரும்பகுதிக்கு மொழி என்று பெயர் சூட்டுவதற்குத் தமிழர் தயங்க வேண்டியதில்லை.

ஆட்சிக்கணக்கு தமிழர்க்குப் புதிதா? சோழர் ஆட்சியில் வரிக்கணக்கை நடத்திய துறைக்குப் புரவுவரித் திணைக்களம் என்று பெயர். வரிப்பொத்தகம், முகவெட்டி என்று அலுவலர்க்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர் அவையின் குடவோலைத் தேர்வு விதிகள் கல்லிலே வெட்டப்பெற்றன. அவ்வவை ஒரு பிரிவார்க்கே உரியதாக இருந்தது. கல்வெட்டில் வடசொற்கள் விரவியுள்ளன. எனினும் விதி தமிழில், பொதுச் சுவரில், பலரும் காண நின்றது. கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்றும் அதில் எழுதினர். ஆயிரத்து நூறாண்டுக்கு முன் ஆட்சிவிதியைத் தாங்கிய மொழி, இன்று ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தாங்காது என்பார் வாயை என்னென்பது!

பின்னாளில் ஊர்க்கணக்கு, கணக்கப்பிள்ளை என்னும் கருணத்தின் பிடியில் வழிவழியாக முடங்கியது. ஏடு அவர் வீட்டில்; எழுத்து அவர் கையில்; நிலம் எவருடையது என்பது அவர் நாவில். 1980 நவம்பரில் தமிழ்நாட்டரசு அப்பதவிகளை ஒழித்தது. பின்னர்ச் சிற்றூர் ஆள்வினை அலுவலர் வந்தனர். ஊர் மூச்சுவிட்டது. ஆனால், இன்று பழைய கணக்கப்பிள்ளை திரைக்குள் புகுந்து திரும்பி வந்திருக்கின்றார். அன்று ஏட்டைப் படிக்கத் தெரியாதவன் அவர்முன் கைகட்டி நின்றான். இன்று திரையின் மொழி அறியாதவன், 'பிழை' என்று காட்டும் பெட்டியின்முன் கைகட்டி நிற்கின்றான். அன்றைய கணக்கப்பிள்ளையை வைதால் அவர் காதிலேனும் விழும். இன்றையவர்க்குக் காதும் இல்லை!

சட்டம் இல்லையா? 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித் தமிழ் விசைப்பலகைக்கு ஒரு சீர்மை கண்டது. கருவி உண்டு, சட்டம் உண்டு, உள்ளந்தான் இல்லை! அரசு தன் நடுவங்கட்கு வைத்துள்ள பெயரைப் பாருங்கள்: 'இ-சேவை'! 'இ' ஆங்கிலத்தின் எழுத்து. 'சேவை' வடமொழியின் சொல். மின் என்னும் சொல்லும் பணி என்னும் சொல்லும் வறண்டா போயின? நிலப்பதிவுக்குத் 'தமிழ்நிலம்' என்று பெயரிடத் தெரிந்த அரசுக்கு, இதற்கு மட்டும் தமிழ் வாராதது ஏன்? 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்துவதாக ஆணை வெளியிட்டு, சூன் திங்களில் சில நாள்களுக்குள் திரும்பப் பெற்றனர். குறையிருந்தால் திருத்தியிருக்கலாம், முயற்சியையே கைவிட்டது ஏன்? திண்டுக்கல் இன்றும் ஆங்கிலேயன் நாவில் உடைந்த வடிவிலேயே கணிப்பொறிக்குள் கிடக்கின்றது.

தில்லியின் போக்கோ இன்னும் கொடிது. 2019-இல் உழவர்க்கு ஆண்டுக்கு 6000 உரூபா தரும் திட்டம் வந்தது. வரி தமிழருடையதும்தான், பெயரோ 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி'! உழவன் என்னும் சொல்லுக்கு அதில் இடமில்லை. இந்திய மொழிகட்கிடையே மொழிபெயர்க்கவென 2022-இல் தொடங்கிய கணிப்பொறித் திட்டத்துக்குப் பெயர் 'பாசினி'. தமிழுக்குப் பாலமிடும் கருவிக்கும் வடமொழிப் பெயரே!

விழிப்போடிருந்தால் வெல்லலாம் என்பதற்கும் சான்றுண்டு. 2010-இல் கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடம் கேட்ட முன்மொழிவில், எ, ஒ, ழ, ற, ன என்னும் ஐந்து தமிழெழுத்துகளையும் செருக முயன்றனர். தமிழறிஞர் கொதித்தெழுந்தனர், தமிழ்நாட்டரசும் தடையுரைத்தது. 2014-இல் கிரந்தம் ஒருங்குறியில் ஏறியபோது அவ்வைந்தும் அதில் இல்லை. நுட்பச் செய்தி, நமக்கென்ன என்று தமிழர் அன்று இருந்திருந்தால் என்னாகியிருக்கும்?

உலகைப் பார்த்துக் கற்பதாயின் எசுத்தோனியாவைப் பார்க்கட்டும். 1991-இல் சோவியத்துப் பிடியினின்று விடுபட்ட அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கம். 2001-லேயே அரசின் தரவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையை அமைத்து, மின்னாட்சியில் முன்னணிக்கு வந்தது. அதன்பொருட்டுத் தன் மொழியை விற்றுவிடவில்லை, ஆட்சிமொழி எசுத்தோனியமே. 2011 கணக்கெடுப்பின்படியே 7 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட தமிழ்நாடு, 13 இலக்கம் மக்களுக்கு இயன்றதை இயலாதென்று சொல்ல நாணவேண்டாவா?

செய்ய வேண்டியன தெளிவானவை. ஒருவர் தமிழில் எழுதும் பெயரே அரசின் மூலப்பெயராதல் வேண்டும். ஆங்கில எழுத்து வேறுபட்டதென்று எவர்க்கும் உரிமையை மறுத்தல் கூடாதெனச் சட்டம் செய்தல் வேண்டும். அரசின் மென்பொருள்கள் முதலில் தமிழில் வரையப்பெற்று, அதன்பின் தேவையெனில் ஆங்கிலம் ஏறட்டும். தமிழ்நாட்டு மக்களை ஆராயும் எவரும், பொதுப்பணம் பெற்றவராயினும் அயற்பணம் பெற்றவராயினும், தம் முடிவுகளைத் தமிழில் எழுதித் தருதல் வேண்டும். ஆராயப்பட்ட ஊரிலேயே அவை படிக்கப்பெறல் வேண்டும். கன்னிவாடியைப் பற்றிய ஆய்வு கன்னிவாடிப் பேரூராட்சி மன்றத்திலும், சுற்றியுள்ள சிற்றூர்களின் ஊரவைகளிலும் உரக்க ஒலிக்கட்டும்! "இது பொய், இது மெய்" என்று ஊரார் எழுந்து சொல்லட்டும்! அதுவே உண்மையான ஆய்வுத் தேர்வு.

தமிழறிந்த அறிஞர்கட்கும் ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெறுக. வேண்டா என்பார் இலர். ஆனால், எம்மண்ணில் தரவு பெற்றீரோ அம்மண்ணுக்குக் கடன்பட்டுள்ளீர். உம் தாய் படிக்கும் மொழியில் நான்கு பக்கமேனும் எழுதாத ஆட்சியியல், ஆள்வோர்க்கு உளவு சொல்லும் கலையாகுமேயன்றி மக்கட்குரிய அறிவாகாது.

தமிழ் உணர்வாளர்கள் இதனைத் தம் வேலையாகக் கொள்க. படிவம் தமிழில் இல்லையெனில் கேளுங்கள். பெயர் சிதைந்திருப்பின் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் ஊரோடு சேர்ந்து கேளுங்கள். பழனியாண்டி திரைக்குள்ளும் பழனியாண்டியாகவே நிற்கும் நாள் வரும்வரை, தமிழ்நாட்டில் ஆட்சி நடக்கின்றது, தமிழராட்சி நடக்கவில்லை!