அகதியை மணந்தால் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை: இது அகமணமுறையின் சட்டம்

குடியுரிமைச் சட்டம் என்றதும் நமக்கு அசாமும் டெல்லியின் ஷாகின்பாக்கும் நினைவுக்கு வருகின்றன. கும்மிடிப்பூண்டி நினைவுக்கு வருவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பெயர்போன அதே ஊரில்தான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. புழலிலும் ஒரு முகாம் உண்டு. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021இல் தமிழ்நாடு அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஒன்றிய அரசின் ஏட்டில் அவர்கள் இன்னமும் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அந்தச் சொல் என்ன செய்யும் என்பது அவர்கள் திருமணம் செய்துகொள்ளும்போது அப்பட்டமாகத் தெரிகிறது.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 5(1)(சி) என்ன சொல்கிறது? இந்தியக் குடிமகரை மணந்து, ஏழு ஆண்டுகள் இங்கே வசித்த வெளிநாட்டவர் தன்னைக் குடிமகராகப் பதிவு செய்யக் கோரலாம். மனு மாவட்ட ஆட்சியரிடம் போகும். திருமணச் சான்று, பாஸ்போர்ட், வசிப்பிட அனுமதி எல்லாம் பார்ப்பார்கள். விசாரணை நடக்கும். பிறகு மாநில அரசு வழியாக ஒன்றிய அரசுக்குக் கோப்பு போகும். இழுத்தடிப்பு இருக்கும். ஆனாலும் அது ஒரு வழி.

இப்போது ஒரு இணையரை எண்ணிப் பார்ப்போம். பெண் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவர். ஆண் அதே ஊர்க்காரர், ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இருவரும் காதலித்து மணந்துகொள்கிறார்கள். ஏழு ஆண்டுகள் அல்ல, பிறந்ததிலிருந்தே அந்தப் பெண் வசிப்பது இங்கேதான். ஆனாலும் அவர் விண்ணப்பிக்க முடியாது. காரணம், பிரிவு 5(1)இன் தொடக்கத்திலேயே 'சட்டவிரோதக் குடியேறியாக இல்லாத' என்றொரு நிபந்தனை நிற்கிறது. விண்ணப்பத்தோடு செல்லத்தக்க வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். போருக்குத் தப்பிப் படகேறியவர்களின் மகளுக்கு அது ஏது? வெள்ளைக்கார மருமகளுக்கு விசாரணை மேசையாவது கிடைக்கும். முகாம் மருமகளுக்கு அந்த மேசை வரை போகவே அனுமதி இல்லை.

இதைவிடக் கொடுமை பிள்ளைகளுக்கு நேர்வது. 2003இல் திருத்தப்பட்டு 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இங்கே பிறக்கும் குழந்தையின் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அதற்கு முன்பு ஒருவர் குடிமகராக இருந்தாலே போதும். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே வீடு. 2003இல் பிறந்த அக்கா இந்தியர். 2006இல் பிறந்த தம்பி சட்டப்படி யாருமில்லை. அப்பா இந்தியர் என்பது அவனுக்கு உதவாது. அம்மாவின் நிலை அவனை இழுத்துக்கொள்கிறது.

இந்தத் தர்க்கத்தை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்று காட்டினார். வேலி தாண்டி மணப்பவரையும் அவர்களின் பிள்ளையையும் தண்டித்தால்தான் வேலி நிற்கும். மனுஸ்மிருதி அதைத்தான் செய்தது. சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவரைச் சண்டாளர் என்று பெயரிட்டு ஊருக்கு வெளியே தள்ளியது. இத்தகைய மணத்தில் இரண்டில் தாழ்ந்த நிலை எதுவோ அதற்கும் கீழே பிள்ளையை இறக்குவது அதன் முறை. 2003 திருத்தம் சாதியின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் முகாமுக்குள் மணந்தாலும் வெளியே மணந்தாலும் பிள்ளை முகாமுக்குரியதே என்று அது சொல்கிறது. நிலை பிறப்பால் வருகிறது, மணத்தால் மாறாது, பிள்ளைக்கும் தொடர்கிறது. இதற்கு நாம் வேறென்ன பெயர் வைப்பது?

அமெரிக்காவும் இதைச் செய்திருக்கிறது. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் குடியுரிமையை இழந்தார். 1922இல் அதைத் திருத்தியபோதும், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர்களை மணந்த பெண்களுக்கு விலக்குத் தரவில்லை. 1923இல் பகத் சிங் திந்த் என்பவர், தான் உயர்சாதி ஆரியர் என்பதால் வெள்ளையரே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். சாதிப் பெருமை அங்கே செல்லுபடியாகவில்லை. நிறவெறியை உடைக்கச் சாதியைத் துணைக்கழைத்தவர் கதை நமக்கு ஒரு பாடம்.

இந்த முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948இல் இலங்கை அவர்களைக் குடியுரிமையற்றவர்களாக்கியது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கு போட்டது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்கு 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையை நீக்கியது; இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த ஈழத்தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. சிறைக்குப் போக வேண்டாம் என்பது ஆறுதல்தான். அது குடியுரிமை ஆகாது.

"குடியுரிமைக்காகப் போலித் திருமணம் செய்வார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தானே ஏழு ஆண்டுக் காத்திருப்பும் விசாரணையும் இருக்கின்றன? விசாரிக்கட்டும். விசாரணையே இல்லாமல் நிராகரிப்பதைத்தான் எதிர்க்கிறோம். "குடியுரிமை தந்தால் ஈழத்துக்கான உரிமைப் போராட்டம் வலுவிழக்கும்" என்பவர்களும் உண்டு. திரும்பிப் போவதா, தங்குவதா என்பதை முகாமில் இருப்பவர் முடிவு செய்யட்டும். மேடையில் தொப்புள்கொடி உறவு என்று முழங்குபவர் அவர்களுக்காக முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் முகாம் மருமகள் என்றால் அவரே முகம் சுளிக்கவும் கூடும்.

சட்டத்துக்குள்ளேயே திறப்புகள் இருக்கின்றன. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தர வேண்டும் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பெற்றோர் யாராயினும் குடிமகர் என்பதே காரணம். 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும் ஒரு வாதம் உண்டு: சட்டவிரோதக் குடியேறி என்றால் உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் 'நுழைந்தவர்' என்கிறது சட்டம். கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர் எந்த எல்லை வழியாக நுழைந்தார்?

இன்னொன்று பிரிவு 5(4). சிறப்புச் சூழல் இருந்தால் எந்தச் சிறாரையும் குடிமகராகப் பதிவு செய்ய ஒன்றிய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. புதுச் சட்டம் வேண்டாம். மனம் இருந்தால் போதும். தமிழ்நாடு அரசு முகாம்தோறும் இத்தகைய இணையரின் திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைத் திரட்டி, கோப்புகளை ஒன்றிய அரசுக்கு அனுப்பத் தொடங்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு அவர்களை அலையவிடவும் வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னை வரை வந்து தடம் மாற வேண்டும்; அது ஒரு நாள் கூலி.

1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வாங்கித் தந்த மண் இது. அன்று புரோகிதர் இல்லாத மணம் செல்லாது என்றார்கள்; போராடிச் செல்ல வைத்தோம். சாதிமறுப்பு மணங்களைக் கொண்டாடும் நம் மேடைகள் முகாம் எல்லையைத் தாண்டிய மணங்களையும் தம்முடையவையாகக் கொள்ள வேண்டும். அந்த 2006 தம்பிக்கு இப்போது வாக்களிக்கும் வயதாகிவிட்டது. பிரிவு 5(4) இனி அவனுக்கு உதவாது. இப்போது பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்காவது அந்தக் காலக்கெடு முடியும் முன் கோப்பு நகர வேண்டும்.